வராதவர்களைத் தேடிய டாக்டரம்மா

டாக்டரம்மா முதன்முதலில் என் பஸ்ஸில் ஏறியபோது ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்கவில்லை. ஓர் ஆளைச் சொல்லிக் கேட்டார்.

"உப்பளத்துல வேலை செய்யறவர். நல்ல உயரம். நடக்கும்போது வலது காலைத் தரையில தேய்ச்சுக்கிட்டு நடப்பார். அவர் இருக்கற ஊருக்கு ஒரு டிக்கெட் குடுங்க."

அப்போது நான் செங்கல்பட்டிலிருந்து கிளம்பும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு வாரம் திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம், மறு வாரம் திருப்போரூர் வழியாகக் கோவளம் என்று மாறி மாறி ஓடுவோம். நயா பைசா புதிதாக வந்து ஜனங்களைக் குழப்பிக்கொண்டிருந்த காலம். சில்லறைக்காகப் பத்துப் பேர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். நடுவில் இந்த அம்மாள், நாற்பது வயதிருக்கும், தோளில் ஒரு துணிப்பை, காலில் ஆண்கள் போடும் தடித்த செருப்பு, கையில் ஓர் எலுமிச்சம்பழம், ஆளைச் சொல்லி டிக்கெட் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

"பேரு தெரியாதாம்மா?"

"ஆஸ்பத்திரியில ஒரு பேரும் ஊரும் குடுத்தார். போன வாரம் போய்ப் பார்த்தேன். அந்த ஊர்ல அந்தப் பேர்ல ஒரு மாடுகூட இல்லை."

அவர் சொன்ன ஆளை எனக்குத் தெரியும். கேளம்பாக்கத்தில் ஏறி இறங்குகிறவர். எல்லோருக்கும் அண்ணாத்த. அந்த ஊருக்கே டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். நல்ல வேளையோ கெட்ட வேளையோ, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணாத்த ரோட்டோரத்திலேயே உப்பைக் குவித்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் வாரியைப் போட்டுவிட்டு வரப்பின் மேல் நடக்க ஆரம்பித்தார். நடையில்லை, கிட்டத்தட்ட ஓட்டம். கால் தேய்வது தெரிந்தது, ஆனால் வேகம் குறையவில்லை.

டாக்டரம்மா இடுப்பில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "எவ்வளவு நல்லா நடக்கறார் பாருங்க, கண்டக்டர்" என்றார். பிள்ளை பரீட்சையில் தேறிவிட்டதைச் சொல்லுகிற தாயின் முகம் அது.

கோவளம் போய்த் திரும்பி வரும்போது இரண்டு பேரும் ரோட்டோரத்தில் நின்றிருந்தார்கள். அவருடைய புடவைக் கரை முழுக்க உப்புச் சேறு. அண்ணாத்த என்னைப் பார்த்ததும் பஞ்சாயத்துக்கு இழுத்தார்.

"இன்னா கண்டக்டரு, நீதான் காட்டிக் குடுத்தியா? நான் நல்லா கீறேன். நல்லா கீறவன இன்னாத்துக்கு டாக்டரு தேடிகினு வருது? நீயே கேளு."

"நல்லா இருக்கீங்கன்னு எழுதிக்கத்தான் வந்தேன்" என்றார் டாக்டரம்மா.

"அத்த யாரனா வுட்டு ஒரு கார்டுல எழுதிப் போட்டிருப்பேனே."

"பொய்ப் பேரு குடுத்தவர் கார்டு போடுவாரா?"

அண்ணாத்த பல்லைக் காட்டிவிட்டார். நிஜப் பெயரைச் சொன்னது அப்போதுதான்.

டாக்டரம்மாவுக்குப் பஸ் பிரயாணம் ஒத்துக்கொள்ளாது. வயிற்றைப் புரட்டும். அதனால் ஜன்னலோரம் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு விடாமல் பேசுவார். பேச்சு நின்றால் வாந்தி வந்துவிடும் என்பது அவர் கணக்கு. செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நரம்பு வியாதி பார்க்கிற டாக்டர் என்பதையும், ஒரு குறிப்பிட்ட வியாதி உள்ளவர்களை எல்லாம் ஒரு ரிஜிஸ்தரில் பதிந்து வருகிறார் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வியாதி குளிர் தேசத்து வெள்ளைக்காரனுக்குத்தான் வரும், நம் ஊரில் கிடையவே கிடையாது என்று பெரிய டாக்டர்கள் சொல்லிவந்தார்களாம்.

"வர்றவங்களைப் பதிஞ்சா போதாதா அம்மா? வராதவங்க பின்னாடி எதுக்கு அலையறீங்க?"

"வர்றவங்களை மட்டும் பார்த்தா இந்த வியாதி வந்தவங்க எல்லாம் மோசமாயிட்டே போறாங்கன்னு தோணும். வராதவங்கள்ல சில பேர் நல்லாயிட்டதால வர்றதில்லை. சில பேர் எழுந்திருக்க முடியாததால வர்றதில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தாத்தானே எதுன்னு தெரியும்?"

அவருடைய சுபாவமே அதுதான். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவர்களைக் கவனித்தபடியே, வராமல் போனவரைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். புதுப்பட்டினம் சந்தை, சதுரங்கப்பட்டினம் கடற்கரை, எங்கேயென்று இல்லை. பையில் ஓர் இசைக்கவை, தட்டினால் அதிர்ந்து ஒலிக்கிற கவட்டைக் கம்பி, வைத்திருப்பார். அதைத் தட்டிவிட்டுக் கணுக்கால் எலும்பில் வைத்து, அதிர்கிறதா என்று கேட்பார். ஒருமுறை மகாபலிபுரம் ஸ்டாப்பில் பானை விற்கிறவர் அதைப் பார்த்துவிட்டு, தன் பானைகளையும் தட்டிப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். டாக்டரம்மா ஒன்றுவிடாமல் தட்டி, காதருகே வைத்துக் கேட்டு, விரிசல் விட்ட ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தார். நான் வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டு நின்றேன்.

இப்படிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த என்னையே அவர் ஒருநாள் பிடித்துவிட்டார்.

சித்திரை மாதம். இடது கண்ணை உருட்டினால் உள்ளே வலித்தது. இரண்டொரு நாளில் எண்ணெய்க் காகிதம் ஒட்டின மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பஸ்ஸில் தூரத்துக்கு ஒரு நிறத்தில் டிக்கெட். சிவப்புக்கும் பழுப்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மாற்றிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் அம்மாவும் கல்யாணமாகாத தங்கையும் என் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். கண்ணு தெரியாத கண்டக்டரை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்?

"எந்தக் கண்ணு?" என்றார் டாக்டரம்மா, ஜன்னலோரத்திலிருந்து.

"என்னம்மா?"

"டிக்கெட் கிழிக்கும்போது இடது கண்ணை மூடிக்கறீங்க. ரயில்வே கேட் தாண்டினதிலேருந்து பார்க்கறேன்."

திருக்கழுக்குன்றத்தில் வண்டி நிற்கும் நேரத்தில் என்னைப் படிக்கட்டில் உட்காரவைத்தார். சிவப்பு டிக்கெட் ஒன்றை ஒவ்வொரு கண்ணுக்கும் நேராகப் பிடித்தார். வலது கண்ணுக்கு அது சிவப்பு. இடது கண்ணுக்குப் பழைய செங்கல். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. உஷ்ணம் என்றார் ஒருவர். விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னார் இன்னொருவர். டாக்டரம்மா எல்லோருடைய வைத்தியத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், "தலையைக் குனிஞ்சு மோவாயை நெஞ்சுல வையுங்க. முதுகுல ஏதாவது ஓடுதா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொஞ்ச நாளாகவே குனிந்தால் கழுத்திலிருந்து இடுப்புவரை கரண்ட் கம்பியைத் தொட்ட மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பெற்ற அம்மாவிடம்கூட அதைச் சொன்னதில்லை.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்களை மாதிரியே இன்னொருத்தர் சொல்லியிருக்கார்."

எனக்கு வந்த பயத்தில் பாதி அந்த ஒரு வார்த்தையிலேயே போய்விட்டது. இது என் ஒருவனுக்கு மட்டும் வந்த சாபம் இல்லை. இன்னொருத்தர் இருக்கிறார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் விஷயத்தை முழுக்கச் சொன்னார். முன்னொரு ஐப்பசியில் என் வலது கை ஒரு மாதம் மரத்துக் கிடந்து தானாகச் சரியானதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதுவும் இதுவும் ஒரே வியாதி என்றார். நரம்பு என்பது கம்பி மாதிரி. அதன்மேல் உள்ள உறை அங்கங்கே பிய்ந்துபோகிறது. இன்றைக்குக் கண், நாளைக்குக் கால். வரும், போகும்.

"மருந்து?"

"இப்போ இல்லை."

"அப்புறம் எதுக்கும்மா எழுதி வெச்சுக்கறீங்க?"

"மருந்து கண்டுபிடிக்கறவன் ஒருநாள் வருவான். எங்கே உங்க ஆளுங்கன்னு கேட்பான். அப்போ நான் முழிக்கக் கூடாது இல்லையா?"

"நான் முடங்கிடுவேனா?"

"தெரியாது" என்றார். "முடங்கிடுவீங்கன்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. அதை எழுதினவர் ஆஸ்பத்திரியை விட்டு வெளியில வரலைன்னு நினைக்கறேன். உப்பளத்துல ஒருத்தர் ஓடினாரே, பார்த்தீங்கல்ல? அவருக்கு இது வந்து ரொம்ப வருஷம் ஆச்சு."

முதலாளி காதுக்குப் போய்விடக் கூடாதே என்றேன். ரிஜிஸ்தர் தன் பையில், இல்லாவிட்டால் பூட்டின அலமாரியில், சாவி தன் இடுப்பில், தூக்கத்தில் உளறுகிற பழக்கமும் கிடையாது என்றார். சில வாரத்தில் கண் திரும்பிவிட்டது. சிவப்பு மட்டும் ஒரு பிடி மங்கலாகவே தங்கிவிட்டது.

ரகசியத்தை எவ்வளவு காக்கிறவர் என்பதை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். திருக்கழுக்குன்றத்தில் ஒரு வாத்தியார் வீட்டுக் கல்யாணம். சம்பந்தி வீட்டாரை ஏற்றிப்போனது எங்கள் வண்டி. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பந்தலில் டாக்டரம்மா பட்டுப் புடவையில் நிற்கிறார். மணப்பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எங்கே, கெட்டியா பிடி பார்ப்போம்" என்று சிரித்தார். பிறகு குங்குமச் சிமிழை நீட்டி, "எனக்கு வெச்சு விடும்மா. கண்ணை மூடிக்கிட்டு உனக்கும் வெச்சுக்கோ" என்றார். பெண் டாக்டரம்மாவின் நெற்றியைத் தொட்டாள். கண்ணை மூடித் தன் நெற்றியைத் தொட்டாள். பொட்டு நடுவில் உட்கார்ந்தது. சுற்றி நின்றவர்கள், டாக்டருக்கு என்ன ஆசை பார் என்று சந்தோஷப்பட்டார்கள். விரல் நடுங்குகிறதா என்று எனக்கும் அதே மாதிரி மூக்கைத் தொடச் சொல்லிப் பார்த்திருந்ததால், மணப்பெண்ணும் ரிஜிஸ்தரில் இருக்கிறவள் என்று எனக்கு மட்டும் புரிந்தது.

பாயசம் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன், "மாப்பிள்ளைக்குத் தெரியுமாம்மா?"

"முதல்ல அவர்கிட்ட சொல்லுன்னு நான்தான் சொன்னேன். சொல்லிட்டா. மத்தவங்களுக்கு எதுக்கு?" என்று இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டார்.

அவரே வாயடைத்துப்போனதும் ஒருமுறை உண்டு. கோவளத்து மீன்கார அக்கா ஒருவர் என் பஸ்ஸில் கூடையோடு வருவார். அவரும் ரிஜிஸ்தரில் இருந்தவர்தான். திடீரென்று வருவது நின்றுவிட்டது. பஸ்ஸுக்கும் வரவில்லை, ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. டாக்டரம்மாவை அவர் வீட்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். கோவளத்தில் வண்டி திரும்புவதற்கு முன் கொஞ்ச நேரம் நிற்கும்.

மீன்கார அக்கா குடிசைக்குள் பாயில் படுத்திருந்தார். மாமியார் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"காலைல எழுந்து நடக்குது. வெய்யில் ஏறினா தொப்புன்னு வுழுது. சாய்ங்காலம் எழுந்து குந்திகினு கொழம்பு வெக்குது. இது இன்னா சீக்கு? கூடையத் தூக்கற நேரத்துக்கு மட்டும் வர்ற சீக்கா?"

கட்டுமரம் ஓட்டும் புருஷன் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா உள்ளே போய்ப் பாயருகே உட்கார்ந்து ரிஜிஸ்தரை எடுத்தார். மீன்கார அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எழுதாத. நான் வுழுந்தா உனக்கு அதுல ஒரு வரி. எழுந்தா இன்னொரு வரி. எனக்கு இன்னா கீது அதுல?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். ரிஜிஸ்தரைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். திரும்பும் வழியில் எலுமிச்சம்பழம் மடியிலேயே கிடந்தது. பேச்சே இல்லை. திருப்போரூர் தாண்டித்தான் வாயைத் திறந்தார்.

"அவங்க கேட்டது நியாயம் கண்டக்டர். இத்தனை நாள் அதை யாரும் கேட்காம விட்டதுதான் ஆச்சரியம்."

அடுத்த முறை எங்கள் வண்டி கோவளம் போனபோது டாக்டரம்மாவோடு அண்ணாத்தவும் ஏறினார். உங்களைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லலாமா என்று டாக்டரம்மா அனுமதி கேட்கப் போயிருக்கிறார். "நீ இன்னாத்துக்கு சொல்ற, நானே வந்து சொல்றேன்" என்று கிளம்பிவிட்டாராம். கோவளத்தில் இறங்கும்போது டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை. வெறுமனே பார்த்துவிட்டு நடந்தார். நான் ஒரு நிமிஷம் படிக்கட்டிலேயே நின்றேன். பிறகு டிரைவரிடம் தோல்பையைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

அன்றைக்கும் வெயில் ஏறியிருந்தது. அக்கா பாயில்தான் இருந்தார். அண்ணாத்த வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, மாமியாரிடமே பேசினார்.

"எனக்கும் இதே கதிதான். உச்சி வெய்யில்ல கால் ரெண்டும் என்னுது இல்ல. உப்பளத்து மேஸ்திரி என்ன சோம்பேறின்னு கூடத் திட்டிகீறான். ஈரத்துண்ட தலைல போட்டுகினு நெழல்ல குந்தினா, கொஞ்ச நேரத்துல கால் திரும்பி வந்துடும். நடிக்கிறவன் நெழலப் பாத்தா நடிப்பான்?"

"உனக்குமா?" என்றார் மாமியார்.

"எனக்கும்தான். இதோ காக்கி போட்டுகினு நிக்குதே, அதையும் கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்கும் இதே வியாதிதாம்மா" என்றேன். "வெயில்ல ஓடிவந்து வண்டி ஏறினா இடது கண்ணு மங்கிடும். காத்து பட்டா தெளிஞ்சிடும்." வாய்விட்டு ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு உடம்பே லேசாக இருந்தது.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய், பானைத் தண்ணீரில் ஒரு துண்டை முக்கிப் பிழிந்து, மருமகளின் தலையில் போட்டார். நீர் வழிந்து பாயெல்லாம் நனைந்தது. மீன்கார அக்கா அழுகிறாரா என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு தெரியாத கண்டக்டரு, காலு வராத உப்புக்காரரு, கூடையைப் போடற மீன்காரி. மூணு பேரும் சேந்து ஒரு கடை போட்டா நல்லா வெளங்கும்" என்றார். டாக்டரம்மாவைப் பார்த்து, "இன்னா சும்மா குந்திகினு கீற, எழுது" என்றார்.

அதற்குப் பிறகு புருஷன் விடியலில் கூடையைச் சுமந்துவந்து முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். அக்கா வெயில் ஏறுவதற்குள் விற்றுவிட்டு வீடு திரும்புவார். மாமியார்தான் வேடிக்கை. யார் காலை இழுத்து நடந்தாலும் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்று எனக்குத் தகவல் கொடுப்பார். பாதிப் பேருக்கு யானைக்கால். ஒருவருக்கு வெறும் முள். டாக்டரம்மா எல்லோரையும் போய்ப் பார்த்தார்.

நானும் கொஞ்ச நாளில் தைரியம் வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு விடியல் ஓட்டத்துக்கு மாற்றினார், பிறகு புக்கிங் ஆபீஸில் உட்காரவைத்தார். வியாதி வந்தது, போனது, வந்தது. கல்யாணம், குழந்தைகள், ரிடையர்மெண்ட் எல்லாம் அதனோடேயே நடந்தன. இப்போது கைத்தடி இருக்கிறது. சாயங்காலத்தில் கடைத்தெரு வரைக்கும் போய்வருகிறேன்.

டாக்டரம்மா கிளம்பிப்போன நாளைச் சொல்லி முடிக்கிறேன். வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவரைக் கூப்பிட்டார்கள். இந்த வியாதி நம் தேசத்தில் கிடையாது என்று சொன்னவர்களே ரிஜிஸ்தரைப் பார்க்க ஆசைப்பட்டார்களாம். அதன் நகலை எடுத்துக்கொண்டார். அசல், அடுத்து வந்த டாக்டரிடம். முதலில் மெட்ராஸ் போய், மறுநாள் வடக்கே போகிற வண்டி. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். கல்யாணப் பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். மீன்கார அக்காவும் மாமியாரும் வறுத்த மீன் கொண்டுவந்திருந்தார்கள். இத்தனை பேர் வந்ததைப் பார்த்து டாக்டரம்மா நெகிழ்ந்துபோவார் என்று நினைத்தேன். அவரோ கழுத்தை நீட்டி நீட்டி எங்கள் தலைகளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பளத்துக்காரர் எங்கே?"

யாருக்கும் தெரியவில்லை. கார்டு விசிலை ஊதினார். வண்டி அசையும் சமயத்தில் டாக்டரம்மா பையோடும் பெட்டியோடும் பிளாட்பாரத்தில் இறங்கிவிட்டார்.

"சாயங்காலமும் ஒரு வண்டி இருக்கு. கண்டக்டர், கேளம்பாக்கத்துக்கு எப்போ பஸ்?"

நான் அன்றைக்கு லீவு. இருந்தாலும் கூடப் போனேன். அண்ணாத்த படுத்த படுக்கையாகி இருப்பார் என்றே இரண்டு பேரும் நினைத்தோம். போய்ப் பார்த்தால் குடிசை நிழலில் உட்கார்ந்து நண்டு ஓட்டை உடைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஏன் வரலை?" என்றார் டாக்டரம்மா.

"நீ போறத இன்னாத்துக்கு நான் பாக்கணும்?" என்றார் அண்ணாத்த, தலையைத் தூக்காமல்.

டாக்டரம்மா அவருடைய காலைப் பிடித்து இழுத்து நீட்டி, இசைக்கவையைத் தட்டி வைத்துப் பார்த்தார். முழங்காலைத் தட்டினார். நடக்கச் சொன்னார். நடந்தார். பிறகு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து அந்த நண்டைச் சாப்பிட்டோம். சாயங்கால பஸ்ஸில் அண்ணாத்தவும் ஏறினார். ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்தார். டாக்டரம்மா வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு பக்கத்தில் போய் நின்றார்.

"போய்ச் சேந்து கடுதாசி போடு. போடலேன்னா இந்தக் கால இழுத்துகினு தேடிகினு வருவேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அப்போ அட்ரஸ் எழுதிக்கோங்க" என்றார். அண்ணாத்தவுக்கு எழுதத் தெரியாது. சட்டைப் பையில் கிடந்த ஒரு டிக்கெட்டின் பின்பக்கம், அவர் நிதானமாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அண்ணாத்த அதை வாங்கி, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்போல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மடித்து மடியில் செருகிக்கொண்டார். வண்டி நகர்ந்தது.